எரிஞ்சு எரிஞ்சு அணையுற ஸ்க்ரீன்

உக்காருங்க, உக்காருங்க. அந்த மிக்சர் பொட்டலத்த மடிச்சு வைங்க. யாரும் பேசக்கூடாது, நான் மட்டும்தான் பேசுவேன். நடுவுல எவனாவது இருமுனா மொதல்லேருந்து ஆரம்பிப்பேன், ஆமா.

யோகா மாஸ்டர் தெய்வசிகாமணி தெரியும்ல? "மூச்ச்ச்ச உள்ள இழுங்ங்ங்க"ம்பாரே? நமக்கு மூச்சே நின்னுடும், அவரு இழுக்குறது நிக்காது. அவரேதான்.

ஒரு நாள் லேப்டாப்ப கட்டிப்புடிச்சுக்கிட்டு கொளஞ்சி கடைக்கு வந்தாரு. கொளஞ்சி ரிப்பேர் பாக்குற பொண்ணு. பேச்சு கம்மி, வேல சுத்தம்.

மாஸ்டருக்குப் பின்னாடியே அவரு சம்சாரம் அஞ்சலாட்சி. கையில சார்ஜர் ஒயரு.

மாஸ்டர்தான் ஆரம்பிச்சாரு: "ஏம்மா, ஸ்க்ரீன் சில நேரம் வருது, சில நேரம் வரல. குளிச்சுட்டு நேரா வந்து உக்காந்தா வருது. மத்த நேரம் இருட்டு."

"குளிச்சாத்தான் வருதா?"

"சிரிக்காதம்மா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எனக்கு மொத ஆன்லைன் கிளாஸு. நாப்பது பேரு. துபாய்லேருந்துகூட ஒருத்தரு. மானமே போயிடும்."

கொளஞ்சி பட்டன அமுக்குனா. எரிஞ்சுது.

அணைச்சுட்டு அமுக்குனா. எரிஞ்சுது. பத்து தடவ பாத்துட்டா.

"நல்லாத்தானே இருக்கு மாஸ்டர்."

"நகரும்மா, நான் காட்டுறேன்."

மாஸ்டர் உக்காந்து ரெண்டு கையயும் வச்சாரு.

இருட்டு.

"பாத்தியா!"

கொளஞ்சி உக்காந்தா. வெளிச்சம். மாஸ்டர் உக்காந்தாரு. இருட்டு.

மாஸ்டர் மொகம் சுருங்கிப்போச்சு. "எனக்கு ஏழரச் சனிம்மா. மெஷினுக்கே தெரிஞ்சுபோச்சு பாரு. நாப்பது பேருக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"அக்கா, நீங்க உக்காருங்க."

"அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா."

அஞ்சலாட்சி உக்காந்தாங்க. வெளிச்சம்.

கொளஞ்சி ரெண்டு பேரு கையயும் பாத்தா. அக்கா கையில கண்ணாடி வளையல். மாஸ்டர் எடது கையில பளபளன்னு ஒரு காப்பு.

"இது என்ன மாஸ்டர்?"

மாஸ்டருக்கு ஒடனே கிளாஸ் கொரல் வந்துடுச்சு. "காந்தக் காப்பும்மா. குளிக்கும்போது மட்டும்தான் கழட்டுவேன். ஒடம்புல இருக்குற சக்தியெல்லாம் ஒண்ண்ண்ணாத் தெரட்டிக் குடுக்கும்."

"கழட்டுங்க."

மேசையில கெடந்த குட்டி ஸ்க்ரூவ அதுகிட்ட நீட்டுனா.

டிக். ஒட்டிக்கிச்சு.

காப்ப லேப்டாப்ல அவரு கை வைக்கிற எடத்துல வச்சா. இருட்டு.

எடுத்தா. வெளிச்சம்.

வச்சா. எடுத்தா. வச்சா. எடுத்தா.

"மூடியில ஒரு காந்தம் இருக்கு மாஸ்டர். அது இந்த எடத்துக்கிட்ட வந்துட்டா, மூடியாச்சுன்னு நெனச்சு இது தூங்கப் போயிடும். உங்க காப்பும் காந்தம்தானே, அதான் ஏமாந்துடுது."

மாஸ்டர் காப்ப ஜிப்பா பையில போட்டாரு. உக்காந்தாரு. கைய வச்சாரு.

பளிச்சுன்னு எரிஞ்சுது.

வயிறு குலுங்கச் சிரிச்சாரு. எந்த ஆசனத்துலயும் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்ல அவருக்கு. சிரிச்சு முடிச்சுட்டு சம்சாரத்துப் பக்கம் திரும்புனாரு.

"ஏன்டி, நெதம் இதத் தொறந்து தொடச்சு வைக்கிறவ நீ. இது உன் கண்ணுல படவே இல்லையா?"

கடைக்குள்ள வந்ததுலேருந்து வாயே தொறக்காத அஞ்சலாட்சி, ஒயரச் சுருட்டிக்கிட்டே சொன்னாங்க:

"பட்டுச்சுங்க. நீங்க எழுந்திரிச்சுப் போனா எரியுது. வந்து உக்காந்தா அணையுது. இதப் போயி பொண்டாட்டி வாயால எப்படிங்க சொல்றது?"