ஆவுடையிடம் இருக்கும் எண்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அதில் பொன்னம்பலச் சாமி இருந்தார். வயது நாற்பத்து மூன்று. சாமியாவதற்கு முன்னால் மில்லில் எலெக்ட்ரீசியன். அவருடைய சீடர்களில் மூத்தவர் செண்பகராமனுக்கு அறுபத்தொன்று. அதனால் குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார், சீடர் குருவை 'சாமி' என்பார். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

செண்பகராமன் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நடுவழியில் ஏறி "டிக்கெட்டை எடு" என்பார். எடுப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். தண்ணி எடு, ஃபேனைப் போடு, செருப்பைக் கொண்டா. தங்கமான மனுஷன். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது, அவருடைய வாய் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் அவர் மடத்துக்குள் நுழையும்போதே முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"கணக்கு பூட்டிக்கிட்டு சாமி."

"எந்தக் கணக்கு?"

"செல்லுல வச்சிருக்கேம்லா. படம் பாக்கிறது, லைக் போடுறது."

"பாஸ்வேர்டு?"

"மறந்துட்டேன்."

"எழுதி வைக்கலையா?"

"எழுதி வச்சா எவனாவது பாத்துருவாம்லா. அதனாலதான் மாசத்துக்கு ஒருதடவை மாத்துவேன். இந்த மாசம் என்னன்னு மாத்தினேன்னு எனக்கே ஞாபகமில்லை. ஒம்பது தடவை போட்டுப் பாத்தேன். பூட்டிட்டான். பழைய சிம்மையும் தூக்கிப் போட்டுட்டேன், ஓடிபி அதுக்குத்தான் போகுது. மொபைல் கடைக்காரனும் கையை விரிச்சுட்டான்."

சாமி சிரித்துவிட்டார்.

"திருடன் ஒருத்தனும் வரலை. வீட்டுக்காரர் மட்டும் வெளியே நிக்கிறாரு."

செண்பகராமன் சிரிக்கவில்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே மகள், ஆவுடை. ஏழு வருஷத்துக்கு முன்னால், புனேயில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னாள். "அப்போ இந்த வாசப்படி ஏறாதே" என்றார் இவர். அவள் ஏறவில்லை. இவரும் கூப்பிடவில்லை. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து அப்பாவை அவள் நீக்கவில்லை. குழந்தை பிறந்ததும் படம் போட்டாள். மிஹிகா என்று பெயர். குப்புற விழுந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது, எல்லாம் அதில்தான் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு லைக் போடுவார். ஒரு வார்த்தை எழுத மாட்டார். அவளும் பதில் சொல்ல மாட்டாள், அடுத்த மாதம் இன்னொரு படம் போடுவாள். அப்பனுக்கும் மகளுக்கும் மிச்சம் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

"பதினோரு நாளாச்சு சாமி. பிள்ளைக்கு முன்பல்லு ஆடுதுன்னு போட்டிருந்தா. விழுந்துச்சா என்னன்னு தெரியலை."

"திறக்க வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. இந்தக் கணக்கை எனக்குத் திறந்து கொடுத்ததே ஆவுடைதான், காலேஜ்ல படிக்கும்போது. பூட்டிக்கிட்டா உதவிக்குன்னு மூணு பேர் பேரைப் போட்டு வச்சா. அவங்க செல்லுக்கு ஆளுக்கொரு நாலு இலக்க எண்ணு போகுமாம். மூணையும் வாங்கிப் போட்டாத் திறந்துரும்."

"யாரு மூணு பேரு?"

"நம்ம சமையல்கார வைகுண்டம் ஒண்ணு. அவன் சொல்லிட்டான். நீங்க ஒண்ணு. உங்க எண்ணைச் சொல்லுங்க."

"மூணாவது ஆளு?"

செண்பகராமன் ஆற்றைப் பார்த்தார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

"ஆவுடை."

"அவ நம்பர் உங்ககிட்ட இல்லையா?"

"இருக்கு. அதே நம்பர்தான், மாத்தலை."

"பெறவென்ன?"

"நீங்க கூப்பிட்டுக் கேளுங்க சாமி. உங்க பேர்ல அவளுக்கு மரியாதை உண்டு. நீங்க கேட்டா சட்டுனு கொடுத்துருவா."

"நீங்க கேட்டா?"

"மாட்டேன்னு சொல்லிட்டான்னா?"

சாமி தன் செல்லை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என் எண்ணை வெள்ளிக்கிழமை தாரேன், அண்ணாச்சி. அன்னைக்கு அரிசிக்கு நீங்க போயிட்டு வாங்க."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒரு சீடர் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய், ஏழு வீட்டில் அரிசி கேட்பார். கிடைத்த அரிசியில்தான் அன்றைக்குக் கஞ்சி. பத்து வருஷமாக மடத்துக்கு வந்துபோகும் செண்பகராமன் ஒரு தடவையும் அந்தப் பையைத் தொட்டதில்லை. அவர் முறை வரும்போது ஆட்டோவில் ஒரு மூட்டை அரிசி வந்து இறங்கும்.

"ரெண்டு மூட்டை இறக்குதேன் சாமி."

"மூட்டை வேண்டாம். ஏழு பிடி போதும்."

வெள்ளிக்கிழமை வந்தது. வேட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, பையைக் கக்கத்தில் மறைத்துக்கொண்டு செண்பகராமன் புறப்பட்டார். முதல் வீட்டு வாசலில் நின்றதும் பழக்கதோஷம் வேலையைக் காட்டியது.

"மடத்துக்கு அரிசி எடு."

உள்ளிருந்து வந்த பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"யாருவே நீரு? வட்டி வசூலுக்கு வந்தீரோ?"

அவருக்குக் காது வரைக்கும் சூடேறியது. அப்படியே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். பிள்ளையின் பல் ஞாபகம் வந்தது.

"இல்ல தாயி. மடத்துல இருந்து வாரேன். கொஞ்சம் அரிசி கிடைக்குமா?"

இந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பிடி கொண்டுவந்து போட்டாள்.

இரண்டாவது வீட்டில் உடனே போட்டார்கள். மூன்றாவது வீட்டில், "பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருக்கேன், நில்லுங்க" என்று குரல் மட்டும் வந்தது. நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. அவருக்காகப் பஸ் நின்றிருக்கிறது, டிரைவர் நின்றிருக்கிறார், ஐம்பது பயணிகள் காத்திருந்திருக்கிறார்கள். ஒருவருக்காக அவர் நின்றது அன்றைக்குத்தான்.

ஐந்தாவது வீட்டில் "இன்னைக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

மடத்துக்குத் திரும்பி வந்து பையைச் சாமியின் முன்னால் வைத்தார்.

"எல்லாரும் போட்டாங்களா?"

"ஆறு வீட்ல போட்டாங்க. ஒரு வீட்ல இல்லைன்னுட்டாங்க."

"என்ன செஞ்சீங்க?"

"கொஞ்ச நேரம் கதவைப் பாத்துக்கிட்டு நின்னேன். பெறவு அடுத்த வீட்டுக்குப் போனேன்."

"வலிச்சுதா?"

"மூஞ்சியில அடிச்ச மாதிரிதான் இருந்துது."

"இப்போ?"

செண்பகராமன் யோசித்தார்.

"அடுத்த வீட்டுக்குப் போறதுக்குள்ள குறைஞ்சுட்டு சாமி."

சாமி தன் செல்லை எடுத்து அதிலிருந்த நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

செண்பகராமன் படித்துறையில் போய் உட்கார்ந்தார். ஆவுடையின் பெயரைத் தேடி எடுத்தார். அதை அழுத்துவதற்குள் இரண்டு தடவை செல்லின் விளக்கு அணைந்துவிட்டது. மூன்றாம் தடவை அழுத்திவிட்டார். இவருடையது அவளுக்குத் தெரியாத புது நம்பர். இருந்தாலும் மணி ஒரு தடவைதான் அடித்தது.

"அப்பா?"

ஏழு வருஷம் கழித்து அந்தக் குரல்.

"நம்பரை" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "ஆவுடை, உன் செல்லுக்கு ஒரு நாலு இலக்க எண்ணு வந்திருக்கும். அதைக் கொஞ்சம் எனக்குச் சொல்லுவியாம்மா?"

செல்லைக் காதிலிருந்து எடுத்தார். வைத்துவிட்டாளோ என்று பார்த்தார். வைக்கவில்லை.

"அது வந்து பதிமூணு நாளாச்சுப்பா" என்றாள் ஆவுடை. "தினமும் செல்லைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அதற்குமேல் அவள் பேசியதையும் இவர் பேசியதையும் ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் கேட்டார்கள். அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், திரும்பிப் பார்க்கவில்லை.

செண்பகராமன் மடத்துக்குள் வந்தபோது பந்தி முடிந்திருந்தது. அவர் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு சாமி உட்கார்ந்திருந்தார்.

"திறந்துதா, அண்ணாச்சி?"

"இல்லை சாமி."

"அவ எண்ணைத் தரலையா?"

"தந்தா. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணா?"

"அது நாலு இலக்கம்லா. முதல் எண்ணு அஞ்சு. அடுத்தது வேணும்னா நாளைக்குக் கூப்பிடணுமாம். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் தருவாளாம். என்ன கெஞ்சியும் கேக்கலை. பிடிவாதம் பிடிச்ச கழுதை!"

திட்டிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"யாரு பிள்ளை?" என்றார் சாமி.

செண்பகராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பல்லு?"

"விழுந்துட்டு சாமி! பிள்ளையே சொல்லுச்சு. அது பாட்டுக்கு இந்தியில பேசுது, நடுவுல தாத்தா தாத்தான்னு தமிழ்ல கூப்பிடுது. ஓட்டைப் பல்லுல காத்துதான் வருது."

சாமி கஞ்சியை ஊற்றினார். பக்கத்தில் துவையலை வைத்தார். செண்பகராமன் கையை நனைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். முகத்தில் மறுபடியும் கவலை வந்திருந்தது.

"நாலு நாள்ல எண்ணு தீந்துபோயிருமே சாமி. அஞ்சாம் நாள் என்னத்தைச் சொல்லி அவளைக் கூப்பிடுவேன்?"

"அதை நாளைக்கு அவகிட்டயே கேளுங்க, அண்ணாச்சி."