முதல் வரிசையில் ஒரு நாற்காலி

மங்கையர்க்கரசி மாநில அரசின் தலைமை வழக்கறிஞர். உயர் நீதிமன்றத்தில் எல்லாருக்கும் அவர் ஏ.ஜி. அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் இருதயராஜ். இருபது வருடத்துக்கு முன் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்தவர். இன்று தன்னிடமே நாலு ஜூனியர்கள் இருந்தாலும், சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வந்து நிற்பார்.

ஏ.ஜி. அறைச் சுவரில் ஒரு தேக்குப் பலகை உண்டு. கம்பெனி காலத்து வெள்ளைக்கார பாரிஸ்டர் தொடங்கி, அந்தப் பதவியில் இருந்த ஒவ்வொருவர் பெயரும் வருடத்தோடு அதில் எழுதியிருக்கும். கடைசிப் பெயர் மங்கையர்க்கரசி. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்குத்தான் இடம். அடுத்த மாதம் அவர் விலகப் போகிறார். அந்த ஒரு வரியில் தன் பெயர் இனிஷியலோடு அடங்குமா என்று இருதயராஜ் கண்ணாலேயே பலமுறை அளந்து பார்த்தாயிற்று. ஆசைதான். ஆசைப்படுவதில் என்ன தப்பு?

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் அவர் ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

"கால்வாய்க்கரை கேஸ் மேடம். சனிக்கிழமை வீடுகளை இடிக்கப் போறாங்களாம். சட்டப்படி தடை எதுவும் இல்லைன்னு என்னை எழுதித் தரச் சொல்லி அரசுச் செக்ரட்டரி கேக்கறார். அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும்."

"தடை இல்லையா?"

"ஆர்டர் காப்பியை மூணு தடவை படிச்சுட்டேன். நாலு வாரம் தள்ளி வெச்சிருக்காங்க. வேற ஒரு வரி கிடையாது."

"அன்னைக்குக் கோர்ட்ல என்ன நடந்தது?"

இருதயராஜ் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்.

நடந்தது பத்து நாள் முன்பு. கால்வாய்க்கரை வீடுகளை அரசு இடிக்கக் கூடாது என்று நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் போட்ட வழக்கு. நீதிபதி தடை உத்தரவு எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். இருதயராஜ் எழுந்து, "வழக்கு முடியும்வரை ஒரு செங்கல்லைக்கூடத் தொடமாட்டோம். ஏ.ஜி. சார்பில் சொல்கிறேன்" என்றார். "அப்படியானால் உத்தரவு எதற்கு?" என்று நீதிபதி பேனாவை மூடிவிட்டார். அந்த நீதிமன்றத்தின் வழக்கம் அது. ஏ.ஜி. தரப்பு வாயால் சொன்னால் போதும், அதை எழுதி வாங்குவதே மரியாதைக் குறைவு என்பார்கள்.

"சொன்னேன் மேடம், இல்லைங்கலை. ஆனா எழுத்துல இல்ல. எழுதாதது நம்மளைக் கட்டுமா?"

மங்கையர்க்கரசி டிபன் பாக்ஸை மூடினார்.

"செக்ரட்டரி வேற என்ன சொன்னார்?"

"அடுத்த ஏ.ஜி. பட்டியல்ல முதல் பேரு என்னோடதுதானாம்."

"நல்லது" என்று சிரித்தார் அவர். உண்மையாகவே சிரித்தார். எழுந்து வக்கீல் கவுனை மாட்டிக்கொண்டார். "ரெண்டேகாலுக்குக் கோர்ட் கூடுது. வாங்க."

அன்று ஏதோ பெரிய வழக்கு. முதல் கோர்ட்டில் நிற்க இடமில்லை. கறுப்புக் கோட்டுகள் சுவரோரம் வரை நெருக்கியடித்து நின்றன. நீதிபதிகள் இன்னும் வரவில்லை. முதல் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் இருதயராஜின் கேஸ் கட்டு கிடந்தது.

சுவரோரம் ஒருவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். தாண்டவமூர்த்தி. கால்வாய்க்கரைக் குடும்பங்களின் வக்கீல்.

"அவரைப் போய் அந்தக் காலி நாற்காலியில உட்காரச் சொல்லுங்க" என்றார் மங்கையர்க்கரசி. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

இருதயராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சொன்னார். தாண்டவமூர்த்தி பதறிப்போனார்.

"என்ன சார் நீங்க! அது ஏ.ஜி. சீட்டு."

"கால் வலிக்குதுல்ல?"

"வலிக்கட்டும் சார். முப்பத்தஞ்சு வருஷமா வர்றேன். ஏ.ஜி. லீவுல போனாக்கூட அதுல ஒருத்தர் உட்கார்ந்து நான் பாத்ததில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு ரொம்ப உபகாரம் பண்ணினீங்க. தடை உத்தரவு வாங்கலையான்னு எங்க ஆளுங்க என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. ஏ.ஜி. பேரைச் சொல்லி சார் வாக்குக் கொடுத்துட்டார், நிம்மதியாத் தூங்குங்கன்னு அனுப்பி வெச்சேன்."

இருதயராஜ் வாசலுக்குத் திரும்பினார். முகம் வேர்த்திருந்தது.

"உட்கார்ந்தாரா?"

"மாட்டேங்கறார்."

"அந்த நாற்காலி ஏ.ஜி.க்குன்னு எந்த உத்தரவுல இருக்கு?"

"எதுலயும் இல்ல மேடம். கம்பெனி காலத்துலேருந்து வர்ற வழக்கம்."

"நல்லாத் தேடிப் பாத்தீங்களா? மூணு தடவை?"

இருதயராஜின் கையிலிருந்த தாள் வேர்வையில் ஈரமாகியிருந்தது.

"நான் உங்களைத் தடுக்கலை, இருதயராஜ்" என்றார் மங்கையர்க்கரசி. "அதுல கையெழுத்துப் போடறதா இருந்தா போடுங்க. போட்டதும் மறுபடி உள்ள போய், இப்ப அது வெறும் நாற்காலிதான், உட்காருங்கன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. பாவம், கால் வலியோட நிக்கறார்."

இருதயராஜின் பையில் செல்போன் அதிர்ந்தது. செக்ரட்டரி. இருதயராஜ் போனோடு தாழ்வாரத்துக்குப் போனார்.

"சனிக்கிழமை எதுவும் நடக்கக் கூடாது சார். நான் சொல்லியிருக்கேன்... ஆர்டர்ல இல்லதான். நான் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலைல நானே கோர்ட்ல கேட்டு அதை எழுத்துலயும் பதிவு பண்ண வைக்கறேன்... பட்டியலா? அது உங்க இஷ்டம் சார்."

தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். உள்ளே வந்தார். தன் நாற்காலியிலிருந்த கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு, தாண்டவமூர்த்தியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து அதில் உட்காரவைத்தார்.

நீதிபதிகள் வந்தார்கள். மங்கையர்க்கரசி முதல் வரிசையில் தன் இடத்துக்குப் போனார். இருதயராஜ் சுவரோரம் கேஸ் கட்டை அணைத்தபடி சாயங்காலம் வரை நின்றார்.