தாலி கட்டினால்தான் ஐஸ்கிரீம்

ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஏகாம்பரம் என்று ஒருவர் ஐஸ்கிரீம் கம்பெனி நடத்திவந்தார். ஐஸ்கிரீம் அருமையாக இருக்கும். அதைச் செய்தது மெஷின். மற்ற எல்லாவற்றையும் செய்தது ஏகாம்பரமும் அவருடைய ஆட்களும்.

ஒருநாள் எவனோ ஒரு திருடன் கம்பெனிக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எல்லாவற்றையும் முடக்கிவிட்டான். சரிசெய்ய வந்த கோயம்புத்தூர்க்காரர் கிளம்பும்போது சொன்னார்: "இனிமே யாரையும் நம்பாதீங்க. உள்ள இருக்கிற ஆளா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சரிபாருங்க. அவங்கவங்களுக்கு எது தேவையோ அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அவர் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னார், பாவம். ஏகாம்பரம் அதைக் கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் உத்தரவாகப் போட்டுவிட்டார்.

மறுநாள் ரத்தினசபாபதி வீட்டுக் கல்யாணம். மதியப் பந்திக்கு நாற்பது டப்பா போகவேண்டும். போகாவிட்டால் அந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடமாட்டார்கள். கம்பெனியை மூடவேண்டியதுதான்.

டிரைவர் சின்னக்காளை வண்டியில் ஏறி, "எந்த மண்டபம்ணே?" என்று கேட்டான்.

"நீ ஓட்டுறவன். எங்கேங்கிறது உனக்கு எதுக்கு?" என்றார் மேனேஜர் தெய்வநாயகம்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா வண்டியில ஏற எனக்கு அனுமதி இல்லை."

சின்னக்காளைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டப்பாக்களோடு திரும்பிவந்தான்.

ரத்தினசபாபதி போன் செய்தார். "இலை போட்டாச்சு. ஐஸ்கிரீம் எங்கய்யா?"

"அங்க கல்யாணம்தான் நடக்குதுன்னு எப்படி நம்புறது?" என்றார் ஏகாம்பரம்.

"நேர்ல வந்து பாருய்யா."

"வெளியே போனா என்னைத் திரும்ப உள்ள விடமாட்டாங்களே."

சம்பந்தி பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், மானம் போய்விடும். ரத்தினசபாபதி பொண்ணு மாப்பிள்ளையை மாலையும் கழுத்துமாக வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வாட்ச்மேன் கோட்டைச்சாமி கேட்டைத் திறக்கவில்லை. "மாலை கடையிலயே கிடைக்குது."

"தாலி இருக்கேய்யா."

"கட்டினதை நாங்க பாக்கலையே."

முதலாளியும் மேனேஜரும் ஒதுங்கி நின்று வெகுநேரம் யோசித்தார்கள். "எங்க கண்ணு முன்னாடி கட்டட்டும்" என்று முடிவானது.

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முடிச்சுப் போட்டார். கெட்டிமேளத்துக்குப் பதில் சின்னக்காளை ஹாரன் அடித்தான். அட்சதைக்குப் பதில் எல்லோரும் ஐஸ்கிரீமில் போட வைத்திருந்த முந்திரிப்பருப்பைத் தூவினார்கள். ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே போய் ஒரு டப்பாவை எடுத்துவந்து கேட் வழியாக நீட்டினார்.

"மிச்சம்?" என்றார் ரத்தினசபாபதி.

"ஒவ்வொரு தடவையும் சரிபாக்கணும்னு உத்தரவுங்க" என்றான் கோட்டைச்சாமி. "அடுத்த டப்பாவுக்கு மாப்பிள்ளையை மறுபடியும் கட்டச் சொல்லுங்க."