கசியும் தகடு

ஹிரோத்தா ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் ஆவுடையப்பனுக்கு வயிற்றெரிச்சல்.

பேராசிரியர் செண்பகவல்லியின் ஆய்வுக்கூடத்தில் ஆவுடையப்பன்தான் மூத்த சீடர். மேடத்தைவிட வயதிலும் மூத்தவர். புகை, கரி எதுவும் இல்லாமல் ஹைட்ரஜன் எடுக்கும் வேலை அங்கே. தகிக்கும் உலைக்குள் நீராவியை விட்டு, பீங்கான் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி அதைப் பிளப்பார்கள். இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து செய்தார்கள்.

மேடம் தன் டப்பாவிலிருந்து ஹிரோத்தாவுக்குப் புளியோதரை எடுத்து வைத்தார். ஆவுடையப்பன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. ஜப்பான்காரர் என்றால் வானத்திலிருந்து குதித்தவரா?

ஹிரோத்தாவின் தகடுகள் ஓரத்தில் கசிந்துகொண்டே இருந்தன. ஓரத்தை அடைக்கக் கண்ணாடிப் பசை தடவி ஒரே மூச்சில் சூடேற்றினார். பாதிச் சூட்டில் நிறுத்தி, பசைக்குள் இருக்கும் காற்று போன பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். ஆவுடையப்பனுக்கு அது தெரியும். ஹிரோத்தா வந்து காரணம் கேட்டபோது, "நல்ல பசைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கைவசம் ஒரே தகடு மிச்சம். அதுவும் கசிந்தால் ஹிரோத்தா வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

மேடம் ஆவுடையப்பனை அழைத்தார். "அவர்கிட்ட சொல்லலையா?"

"உங்களுக்கும் தெரியுமே மேடம். நீங்களே சொல்லலாம், புளியோதரை கொடுத்த கையோட."

மேடம் சிரித்துவிட்டார். "அவர் கேட்டது உங்ககிட்ட."

"நம்ம வித்தையை நாம எதுக்குக் கொடுக்கணும்?"

மேடம் ஓடிக்கொண்டிருந்த உலையருகே போய், நீராவியோடு சேர்ந்து உள்ளே போகும் ஹைட்ரஜன் குழாயை மூடினார்.

"ஐயோ மேடம்!" ஆவுடையப்பன் பாய்ந்து திறந்தார். "வெறும் நீராவி பட்டா தகட்டுல இருக்கிற நிக்கல் கெட்டுப்போயிடும்!"

"ஹைட்ரஜன் எடுக்கத்தானே இந்த உலை? இதுக்கே எதுக்கு ஹைட்ரஜன் ஊட்டணும்?"

"கொஞ்சம் உள்ள போனாத்தான் அது நிறைய வெளிய தரும். இது உங்களுக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் அது தனக்கும் பொருந்துவது உறைத்தது. குழாயிலிருந்து கையை எடுத்தார்.

"அவர் இதையும் கத்துக்கிட்டுப் போயிட்டா, எனக்குன்னு இங்க என்ன மேடம் இருக்கு?"

"பாதிச் சூட்டுல நிறுத்தணும்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். அன்னைக்கு என்கிட்டேருந்து என்ன போச்சு, சொல்லுங்க."