பெயர் சொல்லாத அறிவிப்பு

“ஃபோல்டர் காலியாத்தான் இருந்தது, டீச்சர். அப்புறம் யாருக்காக அந்த ஸ்பீக்கர் கத்துச்சு?”

கேட்டவர் ஜெயசீலன். பாதி ஆயுளைக் கப்பல் வயர்லெஸ் அறையில் கழித்தவர். ஓய்வுக்குப் பிறகு இந்த மீனவக் குப்பத்துத் தகவல் நிலையத்தில் சேர்ந்து, கணினிக்கான கட்டளை வரிகளை, ஷெல் ஸ்கிரிப்ட்டை, எழுதப் பழகிக்கொண்டிருந்தார். பழக்கிக்கொண்டிருந்த தாஹிராவுக்கு அவருடைய மகள் வயது.

கடலுக்குப் போகிற ஒவ்வொரு படகின் பெயரிலும் ஃபோல்டரில் ஒரு ஃபைல் கிடக்கும். படகு வந்துவிட்டால் அதை அழித்துவிடுவார்கள். மிஞ்சியதைச் சாயங்காலம் ஜெயசீலன் எழுதிய லூப், திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை, ஒவ்வொன்றாக எடுத்து, கரையிலுள்ள ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும்.

இன்ன படகு கரை திரும்பவில்லை.

இன்று எல்லாப் படகுகளும் துறைமுகம் சேர்ந்துவிட்டன. ஆனாலும் ஒலிபெருக்கி பேசிவிட்டது.

தாஹிரா திரையில் ஒரு நட்சத்திரக் குறியைத் தொட்டுக் காட்டினாள்.

“இது என்ன சொல்லுது, சார்?”

“உள்ளே இருக்கிற எல்லாத்தையும் வரிசையா எடுன்னு.”

“ஒண்ணுமே இல்லைன்னா?”

“சும்மா இருக்கணும்.”

“இருக்காது. இந்த நட்சத்திரத்தையே ஒரு பேருன்னு எடுத்துக்கிட்டு ஒரு தடவை ஓடும்.”

ஜெயசீலனுக்குப் புரிந்தது. ஒலிபெருக்கிக்கு நட்சத்திரத்தை வாசிக்கத் தெரியாது. பெயரை விழுங்கிவிட்டு, ‘படகு கரை திரும்பவில்லை’ என்று மட்டும் சொல்லியிருக்கிறது.

அவருக்கு மூச்சு லேசானது.

“அவ்வளவுதானா. ஃபைல் இருக்கான்னு முதல்ல ஒரு வரி கேட்டுட்டாப் போதும்.”

“போதும்,” என்ற தாஹிரா எழுந்து செருப்பை மாட்டினாள். “வாங்க, கரைக்குப் போயிட்டு வந்து எழுதலாம்.”

கரை முழுக்கப் பெண்கள். தள்ளியிருந்த துறைமுகத்தில் மீன் இறக்கிக்கொண்டிருந்த ஆண்கள் ஃபோனில் பேசிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒருத்திகூட வீட்டுக்குக் கிளம்பவில்லை. முழங்கால்வரை சேலை நனைந்தபடி நின்றார்கள்.

ஒரு பெண் மணலில் உட்கார்ந்து உள்ளங்காலில் ஏறிய கிளிஞ்சலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஜெயசீலன் அவள் பக்கத்தில் குந்தினார்.

“தப்பு என்னோடதும்மா.”

அவள் கிளிஞ்சலைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காலைத் தேய்த்தாள்.

“அறிவிப்புல பேரே வரலையே. ஏன் இத்தனை பேரும் ஓடி வந்தீங்க?”

அவள் காலை விட்டுவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“பேரு வந்திருந்தா ஒருத்திதானே ஓடி வந்திருப்பா.”