கோமாளி மீன் கொடுத்த இடம்

ஒரு வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளத்தில் மீன் தொட்டி ஒன்று இருந்தது. உப்புநீரும் பாறையும் மணலுமாக அதற்குள் ஒரு குட்டிக் கடலே இருந்தது, பிள்ளைகளே.

நடுப்பாறையில், விளக்கு வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், மூளைபோல் மடிப்பு மடிப்பாக, மூளைப் பவளம் என்ற கடலுயிர் வாழ்ந்தது. வெளிச்சம்தான் அதற்குச் சாப்பாடு. பாறையோடு ஒட்டி வளர்ந்த அதனால் ஓர் அங்குலம்கூட நகர முடியாது. மூலையில் கிடந்த மண்சட்டிக்குள் கோமாளி மீன் குடியிருந்தது. எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசும். நல்ல மனசுக்காரர் என்று பெயர் வாங்குவதில் அதற்கு அப்படி ஓர் ஆசை. முதுகில் சங்கைச் சுமந்து திரியும் நண்டு ஒன்றும் அங்கே இருந்தது. அதற்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும்.

ஒருநாள் வீட்டுக்காரர் ஒரு சிறு கல்லைக் கொண்டுவந்து மணலில் வைத்தார். அதன்மேல் புதிதாக ஒரு மென்பவளம். குட்டிக் குட்டிக் கைகளை மூடித் திறந்து, மூடித் திறந்து ஆட்டிக்கொண்டே இருந்தது. தொட்டியில் எல்லோரும் அதைக் கையாட்டி என்று கூப்பிட்டார்கள்.

"இந்தக் கல் எனக்குப் போதவில்லை. நடுப்பாறையில் கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று கேட்டது கையாட்டி.

"அதற்கென்ன, தாராளமாக வா!" என்றது கோமாளி மீன்.

மூளைப் பவளம் திடுக்கிட்டது. "தம்பி, அது நான் இருக்கும் பாறை. என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"இவ்வளவு பெரிய பாறையில் ஓர் ஓரம்தானே அக்கா? இடம் கேட்டு வந்தவரை விரட்டலாமா? கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்."

"ஆகா, என்ன தாராள மனசு!" என்று மற்ற மீன்களெல்லாம் புகழ்ந்தன. கோமாளி மீனுக்குத் தலைகால் புரியவில்லை. கையாட்டியின் கல்லைத் தானே முட்டி முட்டி நகர்த்திப் பாறையோடு சேர்த்துவிட்டது.

ஓரத்தில் ஏறிய கையாட்டி ஓரத்தோடு நின்றதா? இல்லை. மூன்றே மாதத்தில் பாறை முழுவதும் கைகள்! மூளைப் பவளத்துக்கு வெளிச்சம் மறைந்துபோனது. அதன் வலப்பக்கச் சதை வெளிறி, உரிந்து, உள்ளே வெள்ளை ஓடு தெரிந்தது.

"மூச்சு முட்டுகிறது தம்பி" என்று அது முனகியது.

"போகப் போகப் பழகிவிடும் அக்கா" என்று சொல்லிவிட்டுக் கோமாளி மீன் தன் சட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பழகிவிடுமாம்! சதை உரிந்து கிடப்பவரிடம் சொல்கிற பேச்சா அது?

நண்டுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று பாறையேறிக் கையாட்டியைக் கண்டபடி வெட்டித் தள்ளியது. வெட்டுப்பட்ட துண்டுகள் நீரோட்டத்தில் போய் அங்கங்கே ஒட்டிக்கொண்டன. பத்து நாளில் ஒவ்வொரு துண்டும் ஒரு கையாட்டி ஆகிவிட்டது.

"பார்த்தாயா? எல்லாம் உன் முரட்டுத்தனத்தால் வந்தது" என்றது கோமாளி மீன்.

நண்டு வெட்கத்தில் சங்குக்குள் ஒடுங்கியது. ஆனால் அங்கிருந்தபடியே ஒன்றைக் கவனித்தது. கல்லோ சிப்பியோ இருந்தால்தான் கையாட்டி அதன்மேல் தொற்றிப் போகிறது. வெறும் மணலை அதனால் தாண்ட முடியவில்லை.

மறுநாள் நண்டு வெற்றுச் சிப்பிகளை ஒவ்வொன்றாக உருட்டிவந்து, பாறையிலிருந்து மண்சட்டிவரை வரிசையாக அடுக்கியது.

"கையாட்டி, அந்தச் சட்டியைப் பார்! எவ்வளவு வசதியான இடம்! அதில் இருப்பவர் இடம் கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதே கிடையாது" என்றது.

கையாட்டி சிப்பிமேல் சிப்பியாகத் தொற்றிப் போனது. மூன்று வாரத்தில் சட்டியின் வாயில் கைகள் ஆடின.

"ஏய்! யாரைக் கேட்டு இங்கே வந்தாய்? இது என் வீடு! வெளியே போ!" என்று கோமாளி மீன் தொட்டியே அதிரக் கத்தியது.

கையாட்டி குழம்பிப்போனது. "நீங்கள்தானே தாராளமாக வா என்றீர்கள்?"

"அது அங்கே! இங்கே இல்லை!"

புகழ்ந்த மீன்கள் எல்லாம் மெல்ல விலகிப் போயின. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் கோமாளி மீன் குன்றிப்போனது.

"இப்போது என்ன செய்யலாம்?" என்று நண்டிடம் மெல்லக் கேட்டது.

"வெட்டக் கூடாது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் அடியோடு உரித்து எடுக்கிறேன். ஒரு துணுக்கு பறந்தாலும் நீ வாயால் பிடிக்க வேண்டும்."

"நாள் முழுக்கவா?"

"மாதம் முழுக்க!" என்று சீறியது நண்டு.

இரண்டும் ஒரு மாதம் பாடுபட்டன. உரித்ததையெல்லாம் கொண்டுபோய், மணலின் நடுவே தனியாகக் கிடந்த ஒரு கல்லில் சேர்த்தன. சிப்பி வரிசையையும் கலைத்தன. கையாட்டி அந்தக் கல்லோடு நின்றது.

கோமாளி மீன் மூளைப் பவளத்தின் முன்னால் வந்தது. "மன்னித்துவிடுங்கள் அக்கா. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்."

"நல்ல பெயர் உனக்குக் கிடைத்தது தம்பி. அதற்காகச் செத்தது என் பாதி உடம்பு."

மூளைப் பவளம் மிச்சமிருந்த சதையை வெளிச்சத்தில் விரித்துக்கொண்டது.

நீதி: அடுத்தவர் இடத்தை எடுத்துக் கொடுப்பது தாராள மனசு ஆகாது, கொடுக்க விரும்புகிறவர் தன் இடத்தைக் கொடுக்க வேண்டும்.