இசக்கிராஜா எடுத்த உப்பளப் படம்

எங்க குரூப்புல ரெண்டே பேரு. நானும் இசக்கிராஜாவும். தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்குற பொன்னம்மா அக்காவப் பத்திப் பத்து நிமிஷப் படம், அதான் காலேஜ்ல எங்க கடைசி வருஷ புராஜெக்ட். கேமரா நான் புடிச்சேன். எடிட்டிங்கும் நான்தான் தட்டுத்தடுமாறிக் கத்துக்கிட்டுப் பண்ணேன். இசக்கி குடை புடிச்சான், அதுவும் பாதி நேரம் அவனுக்கே.

டைட்டில் மட்டும் டிசைன் கடையில போட்டு வாங்கியாறேன்னு படத்தக் கொண்டுபோனவன், நேரா டிபார்ட்மெண்ட்ல குடுத்துட்டான். 'இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு: இசக்கிராஜா'. அடியில பொடி எழுத்துல, 'உதவி: ஷீபா'. சார்கிட்ட போய்ச் சொன்னேன். "வெளியில இருந்து எக்ஸாமினர் வர்றாங்க, சண்டை போட்டா ரெண்டு பேருக்கும் மார்க் போயிரும்"னுட்டாரு.

வைவா அன்னைக்கு லேப் வாசல்ல நிக்கோம். முதல் வருஷப் பிள்ளைங்க ஒரு பத்துப் பேரு சுத்தி நிக்காங்க. இசக்கி ஆரம்பிச்சுட்டான்.

"கேமரான்னா ஆடாமப் புடிக்கணும். நான் புடிச்ச புடியில, கம்புதான்னு நெனச்சு ஒரு கொக்கு என் தோள்ல வந்து உக்காந்துட்டு. முட்டையும் போட்டுட்டு. குஞ்சு பொரிக்க இருபத்தோரு நாள். அசையலையே நான்."

"சாப்பாடு?" பெனாசிர் கேட்டா. முதல் வருஷம்தான், ஆனா எதையும் சும்மா விடமாட்டா.

"தாய்க்கொக்கு மீன் கொண்டுவந்துச்சும்மா. குஞ்சுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"பச்சையாவா?"

"உப்பளத்துல இருக்கோம், கருவாடாத்தான் வரும்." என்னைப் பாத்தான். "ஷீபா, சொல்லு."

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவனே தொடர்ந்தான்.

"அடுத்து ஃபோகஸ். ஒரு உப்புக்கல்லுக்கு வச்சேன் பாரு, அந்தக் கல்லுக்குள்ள கொழும்புத் துறைமுகம் தெரியுது. கப்பல் தெரியுது. கேப்டன் கையில வாட்ச் தெரியுது. அஞ்சு நிமிஷம் லேட்டா ஓடுது. ஆளனுப்பிச் சொன்னேன், திருத்திக்கிட்டாரு."

"எடிட்டிங்?" ஒரு பையன் கேட்டான்.

"அதுல கைய வச்சா நானே பயப்படுவேன். பொன்னம்மா அக்கா ஒரு ஷாட்டுல கண்ணச் சிமிட்டிட்டாங்க. அந்தச் சிமிட்டல மட்டும் வெட்டினேன். அன்னையில இருந்து அவங்களுக்குக் கண்ணு மூடல. அப்புறம் அந்தத் துண்டத் தேடி எடுத்து ஒட்டினேன், தூங்கினாங்க. நாப்பது மணி நேரம் எடுத்தத பத்து நிமிஷமா வெட்டினேன்லா? மிச்ச நேரம் அத்தனையும் அவங்க வயசுல கழிஞ்சுட்டு. ரெண்டு நாள் எளசா இருக்காங்க, போய்ப் பாரு."

"அப்போ படத்துல அக்காவோட பேரு, ஊரு எல்லாம் போட்டீங்களா? கூலியப் பத்தி அவங்க ஏதாச்சும் சொன்னது வருதா?"னா பெனாசிர்.

இசக்கிக்கு அது தெரியாது. படத்த முழுசா அவன் பாத்ததே இல்ல. "அதெல்லாம் உதவி பாக்குறவங்க வேலை"ன்னான். கூலிய ஏத்தணும்னு அக்கா சொல்லும்போது கேமராவப் புடிச்சவ நான்.

உள்ள கூப்பிட்டாங்க. எக்ஸாமினர் மேடம் கையில இருந்த பேப்பர்ல பேருங்களப் பாத்தாங்க. "இசக்கிராஜா, இங்க வந்து உக்காருங்க. உங்க படத்துல ஒரே ஒரு ஷாட்ட வெட்டிக் காட்டுங்க."

உக்காந்தான். கீபோர்டத் தட்டிப் பாத்தான், கம்ப்யூட்டர் திரை கறுப்பாவே கெடந்துச்சு. வாசல்ல பெனாசிர் கூட்டம் எட்டிப் பாக்குது. மெல்லச் சாஞ்சுக்கிட்டான்.

"மேடம், வெட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கறுப்ப ஒரு நிமிஷம் பாருங்க. படம் இப்படித்தான் தொடங்குது. மூணு மாசம் கலர் பண்ணேன். இந்த மாதிரி ஒரு கறுப்பு இதுவரைக்கும் திரையில வந்ததே இல்ல."

மேடம் கண்ணாடியக் கழட்டாமலே சொன்னாங்க. "கறுப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. சுவிட்சு வலது கைப்பக்கம் இருக்கு, போடுங்க."